ஆட்டம் எங்கே போனது?

சித்தூரில் நான் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்புக்கு இப்போதும் அவ்வப்போது போய் வருவேன். ஓய்வு பெற்றவனை யாரும் வா என்று கூப்பிடுவதில்லை. போனால் ஒரு டீ வாங்கித் தருவார்கள், அவ்வளவுதான். போன வாரம் போனபோது பெஞ்சின் மேல் புது அட்டைப் பெட்டி ஒன்று இருந்தது. பிரித்துக் காட்டினார்கள். உள்ளே சிவப்பு வண்ணத்தில் பளபளவென்று ஒரு ஸ்டீரிங் ஸ்டெபிலைசர். காட்டிலும் மேட்டிலும் ஓட்டுகிற ஃபோர் வீல் பிக்கப் ஒன்றில் பழையதைக் கழற்றிவிட்டு இதைப் போட வேண்டுமாம். இப்போது அங்கே முன்பக்க அச்சு வேலையெல்லாம் பாஸ்கர் பொறுப்பு. இதைப் போட்டால் ஸ்டீரிங் ஆட்டம் நிற்குமா அண்ணா என்று கேட்டான்.

"நிக்கும். அதான் பயம்," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அங்கே எனக்குப் 'பயம் மேஸ்திரி' என்று ஒரு பெயர் உண்டு. என் முன்னால் சொல்ல மாட்டார்கள். பம்பரில் நூலைக் கட்டி நட்டைத் தொங்கவிட்டு வேடிக்கை பார்க்கிற பைத்தியம் என்றும் சொல்வார்களாம். அந்த நூலும் நட்டும் இன்னும் சுவரில் ஆணியில் தொங்குகின்றன. பாஸ்கர் அதைக் காட்டி, இது எதற்கு என்று ஒரு நாளாவது சொல்லுங்கள் என்றான். டீ கிளாஸைப் பிடித்திருந்த என் கையையும் பார்த்தான். கை ஆடாமல் இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டான். மாத்திரை சாப்பிடுகிறேன் என்றேன். அந்தக் கதையும் இந்தக் கதையோடு சேர்ந்ததுதான். டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதலில் இந்தச் சாமான் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஆபீஸ் கதவு படாரென்று அடித்துக்கொள்ளாமல் மெதுவாக மூட மேலே ஒரு குழாய் வைத்திருப்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். ஒரு முனை அச்சில் இருக்கும். மறு முனை, முன்சக்கரங்கள் இரண்டையும் சேர்த்துத் திருப்புகிற கம்பியில் இருக்கும். சக்கரம் கல்லில் இடித்தால் அந்த அடி ஓட்டுகிறவன் கைக்கு வராமல் இது வாங்கிக்கொள்ளும். நல்ல சாமான். பெரிய டயர் போட்ட வண்டிக்குப் பெரியதாக மாற்றுவதிலும் தப்பில்லை. ஆனால் ஆடாத வண்டிக்குத்தான் மாற்ற வேண்டும். ஆடுகிற வண்டிக்கு மாற்றினால் ஆட்டம் தெரியாமல் போய்விடும்.

நான் நகரிக்காரன். நைனா பவர்லூம் ஓட்டினார். ராத்திரி பகல் அந்தச் சத்தத்தில் என் காது செவிடாகிவிடும் என்று பயந்து திருப்பதிக்கு வந்தேன். ரேணிகுண்டா ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டி கழுவினேன், கிரீஸ் அடித்தேன், ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன், திட்டு வாங்கினேன், கடைசியில் ஃபிட்டர் ஆனேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. சொல்ல வேண்டியது ஃபோர்மன் சுப்பராயுலுவைப் பற்றி.

ஒல்லியான மனிதர். தெலுங்குக்காரர். அவர் தெலுங்கில் பேசுவார், நான் தமிழில் பதில் சொல்வேன், இரண்டு பேருக்கும் அதில் ஒரு கஷ்டமும் இருந்ததில்லை. யாரையும் அடித்ததில்லை, கெட்ட வார்த்தை சொன்னதில்லை. ஆனாலும் அடிக்கிற மேஸ்திரிகளை விட அவரைக் கண்டால்தான் எங்களுக்கு உதறும். வேலையை முடித்துவிட்டு அவர் முன்னால் போய் நிற்பதைப் போலப் பயங்கரம் வேறில்லை.

ஒரு நாள் அவரோடு ஒரு பழைய வண்டியில் ஓட்டிப் பார்க்கப் போனேன். நல்ல வேகம். சாலையில் ஒரு சின்னப் பள்ளம், இடது சக்கரம் அதில் இறங்கி ஏறியது. அடுத்த நொடி ஸ்டீரிங் அவர் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிக்க ஆரம்பித்தது. கதவு, கண்ணாடி, என் பல் எல்லாம் சேர்ந்து ஆடின. வண்டி துண்டு துண்டாகக் கழன்று போகப்போகிறது என்றே நினைத்தேன். பிரேக்கை அடிக்கச் சொல்லிக் கத்தினேன். அவர் அடிக்கவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். ஸ்டீரிங்கோடு மல்லுக்கட்டவும் இல்லை, விட்டுவிடவும் இல்லை, பிடித்தபடியே இருந்தார். வேகம் குறையக் குறைய ஆட்டம் தானாக அடங்கியது.

ஓரமாக நிறுத்தி இறங்கி, கேனிலிருந்து தண்ணீர் எடுத்து முகம் கழுவினார். தண்ணீர் சட்டையெல்லாம் சிந்தியது, அப்படி நடுங்கியது கை. பயமா சார் என்று கேட்டேன். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து பயப்படாத நாளே இல்லை என்றார், வெட்கப்படாமல். எனக்கு அன்றைக்குத்தான் மனசு லேசானது. பயந்தாங்கொள்ளிக்கும் இந்தத் தொழிலில் இடம் உண்டு என்று அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஸ்டீரிங் வேலை என்றால் அவர் முதலில் ரேடியோவை நிறுத்தச் சொல்வார். பிறகு கம்ப்ரஸரை. வண்டி நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்க வேண்டும். ஜாக்கியில் தூக்கிவிட்டால் பாரம் இல்லாமல் எல்லாமே யோக்கியமாகத் தெரியும் என்பார். ஒருவன் சீட்டில் உட்கார்ந்து ஸ்டீரிங்கைக் கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது என்று நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இவர் அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டாகத் தொடுவார். டார்ச் அடித்துப் பார்ப்பது பிறகு. முதலில் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை வைப்பார், குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. ஒரு மூட்டில் வைத்த கையைச் சட்டென்று எடுக்க மாட்டார். சீட்டில் இருப்பவனுக்குக் கை வலிக்கும். வலிக்கிறது என்று சொல்ல யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

வேலை முடிந்தது, ஆட்டம் போய்விட்டது என்று அவரிடம் போய்ச் சொன்னால், சரி என்று ஒரு நாளும் சொல்ல மாட்டார்.

"எக்கடிகி போயிந்தி?" என்பார்.

எங்கே போனது? இதுதான் கேள்வி. ஆட்டம் நின்றுவிட்டது என்பது அவருக்குப் பதில் இல்லை. இந்த இடத்தில் தேய்ந்திருந்தது, கழற்றினேன், ஆட்டம் இதற்குள்தான் இருந்தது, இதோ என்று பழைய சாமானை அவர் கையில் கொடுக்க வேண்டும். வாங்கி ஆட்டிப் பார்ப்பார். வண்டிக்காரர் சொன்ன ஆட்டம் பெரிது, நாம் காட்டுகிற தேய்மானம் சின்னது என்றால் வண்டி கேட்டைத் தாண்டாது. மீதி ஆட்டம் இன்னும் வண்டிக்குள்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு மறுபடி ரேடியோவை நிறுத்தச் சொல்வார். தமிழில் போய்விட்டார் என்றால் செத்துவிட்டார் என்றும் பொருள் வருகிறதே, தெலுங்கிலும் போயிந்திக்கு அப்படி ஒரு பொருள் உண்டு. அந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பொருள்தான் ஞாபகம் வரும்.

இனி டில்லிபாபுவின் வண்டி. நான் சித்தூருக்கு வந்து முன்பக்க அச்சு வேலைக்குப் பொறுப்பான பிறகு, ஒரு மாம்பழ சீசனில் நடந்தது. சுப்பராயுலு அதற்கு முன்பே ரிட்டயர் ஆகித் திருப்பதியில் மகன் வீட்டில் இருந்தார்.

டில்லிபாபு வரதய்யபாளையம் பக்கத்துத் தமிழர். கங்காதர நெல்லூரைத் தாண்டி ஒரு குன்றின் மேல் மாந்தோப்பு வாங்கியிருந்தார். லாரி ஏறாத பாதை. காய் பறிக்கிற பெண்களைக் காலையில் பிக்கப்பின் பின்னால் ஏற்றிக்கொண்டு போவார். சாயங்காலம் காய்களை ஏற்றி, காய்களின் மேல் அவர்களையும் உட்கார வைத்து இறங்கி வருவார். பாதி வழியில் ஒரு வளைவு. வளைவுக்குக் கீழே யாரோ தோண்டிவிட்டுப் போன கல்குவாரி, பச்சைத் தண்ணீர் நிற்கும். தடுப்பு எதுவும் கிடையாது.

வண்டி பழைய ஃபோர் வீல் பிக்கப்தான். ஆனால் மனிதர் அதைக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி வைத்திருந்தார். பெரிய டயர், உயர்த்திய பாடி, மாற்றிப் போட்ட பவர் ஸ்டீரிங், அடிப்பக்கம் முழுக்கத் தார் மாதிரி கனமான கறுப்புப் பூச்சு. பள்ளத்தில் இறங்கி ஏறினால் ஸ்டீரிங் கண்டபடி ஆடுகிறது, போன வாரம் ஆடின ஆட்டத்தில் பக்கக் கண்ணாடி கழன்று விழுந்துவிட்டது என்றார். அதற்கு மருந்தும் அவரே கொண்டு வந்திருந்தார். சிவப்பு ஸ்டெபிலைசர். செல்போனில் வீடியோ பார்த்து வரவழைத்ததாம். இதைப் போட்டுக் கொடு, மத்தியானத்துக்குள் மேலே போக வேண்டும் என்றார்.

முதலில் சுப்பராயுலு மாதிரியே எல்லாம் செய்தேன். ரேடியோவை நிறுத்தினேன். ஹெல்பர் பையனைச் சீட்டில் உட்கார வைத்து ஸ்டீரிங்கை ஆட்டச் சொன்னேன். அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டாகக் கை வைத்தேன். சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் வலது முனை மட்டும் லேசாக லூஸ். ஸ்டீரிங் சுற்றுவதை வாங்கிச் சக்கரங்களைத் தள்ளுகிற ஸ்டீரிங் பாக்ஸின் போல்ட்டுகளை ஸ்பானர் போட்டுப் பார்த்தேன், கல் மாதிரி இறுகி இருந்தன. மற்றதெல்லாம் கறுப்புப் பூச்சுக்குள் அழகாக இருந்தது. லூஸ் முனையை மாற்றி, புது ஸ்டெபிலைசரையும் பூட்டி, வேலூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். வேண்டுமென்றே பள்ளத்தில் விட்டேன். ஒன்றும் ஆகவில்லை. ஸ்டீரிங் வெண்ணெய் மாதிரி இருந்தது.

டில்லிபாபுவுக்குத் தலைகால் புரியவில்லை. எல்லோருக்கும் கூல்டிரிங்ஸ் வாங்கி வரச் சொன்னார். நான் கழற்றிய பழைய முனையைக் கையில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தேன். துளிதான் ஆடியது. பக்கக் கண்ணாடியைக் கழற்றி எறிகிற ஆட்டம் இதற்குள் இருந்திருக்க முடியாது.

திருப்பதிக்குப் போன் போட்டேன். சுப்பராயுலுவுக்கு அப்போது கண் ஆபரேஷன் ஆகி இருந்தது. மகன் போனை அவர் காதில் வைத்தான். எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, எதிர்பார்த்த கேள்வியையே கேட்டார். அந்த முனையைப் பற்றிச் சொன்னேன். அது போதாது ரத்தினம் என்றார். கண் கட்டோடு படுத்திருக்கிறவரிடம் நான் வேறு என்ன கேட்பது?

வண்டியை இன்று ஒரு நாள் விட்டுவிட்டுப் போங்கள் என்று டில்லிபாபுவிடம் கெஞ்சினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னா மேஸ்திரி, ஆட்டம் போச்சின்னு நீயேதான ஓட்டிப் பாத்துட்டு வந்த? மேல பொம்பளைங்க காலையிலருந்து பறிச்சிக்கினு இருக்காங்க. பயமா இருந்தா நீயும் ஏறு. மேல வந்து பாத்துக்கோ."

ஏறக் கூடாது என்று உடம்பு முழுக்கச் சொன்னது. வர மாட்டேன் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லவும் பயமாக இருந்தது. அதனால் ஏறினேன். தைரியத்தில் ஏறியதாக யாரும் நினைக்க வேண்டாம்.

கங்காதர நெல்லூர் தாண்டி மண் பாதை தொடங்கியதும் என் வலது கால் தானாக இல்லாத பிரேக்கை மிதிக்க ஆரம்பித்தது. கல் வரும்போதெல்லாம் ஸ்டீரிங்கைப் பார்த்தேன். அது அசையவே இல்லை. அசைந்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. வளைவில் குவாரித் தண்ணீர் தெரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். டில்லிபாபு ஒரு கையால் ஓட்டிக்கொண்டு, வண்டி எப்படிப் போகிறது பார் என்று பெருமையடித்துக்கொண்டே வந்தார்.

மேலே கூடைகள் நிரம்பித் தயாராக இருந்தன. பறிக்கிற பெண்களுக்கு மல்லிகா என்பவள்தான் தலைவி. வாய் நிறைய வெற்றிலை, யாரையும் ஒருமையில்தான் பேசுவாள். வண்டிக்குப் புதுச் சாமான் போட்டிருக்கிறது என்று கேள்விப்பட்டதும், திருஷ்டி கழிக்காமல் ஏற மாட்டோம் என்று சொல்லிவிட்டாள். சாப்பாட்டுக்குக் கொண்டு வந்திருந்த எலுமிச்சம்பழத்தையும் பச்சை மிளகாயையும் ஒரு நூலில் கோத்தாள். வழக்கமாகப் பம்பரின் நடுவில் கட்டுவார்கள். அங்கே நம்பர் பிளேட் இடித்தது. வலது ஓரத்தில் வண்டி இழுக்கிற கொக்கி ஒன்று இருந்தது, அதில் கட்டித் தொங்கவிட்டாள்.

காய்களை ஏற்றினார்கள். பெண்களும் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். அங்கே வண்டியைத் திருப்ப இடம் குறைவு, முன்னும் பின்னுமாக நாலைந்து தரம் எடுக்க வேண்டும். நான் முன்னால் நின்று கை காட்டினேன். டில்லிபாபு நின்ற இடத்திலேயே ஸ்டீரிங்கை இடது பக்கம் முழுக்க ஒடித்தார். எலுமிச்சம்பழம் ஒரு துள்ளு துள்ளியது. வலது பக்கம் ஒடித்தார். மறுபடி துள்ளியது.

எஞ்சின் ஓடுகிற வண்டியில் நூல் ஆடுவது சகஜம்தான். ஆனால் அது சும்மா நடுங்கிக்கொண்டிருக்கும். இது அப்படி இல்லை. ஸ்டீரிங் திரும்பும்போது மட்டும், திரும்புகிற பக்கத்துக்கு எதிராக, யாரோ நூலைப் பிடித்து இழுத்த மாதிரி துள்ளியது. பம்பரின் அந்த மூலை அசைந்தால்தான் நூல் அப்படித் துள்ளும். பம்பர் சேஸிஸின் நுனியில் இருக்கிறது. வண்டியின் மொத்த பாரத்தையும் தாங்குகிற இரண்டு நீள இரும்புச் சட்டங்கள்தான் சேஸிஸ். வலது சட்டத்தின் நுனியில்தான் ஸ்டீரிங் பாக்ஸும் பூட்டியிருக்கிறது.

எஞ்சினை அணைக்காமல் ஸ்டீரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டுங்கள் என்று சொல்லிவிட்டு அடியில் படுத்தேன். ஸ்டீரிங் பாக்ஸுக்குப் பின்னால், சட்டத்தின் உள்பக்கத்தில் கையை விட்டேன். அங்கே பார்க்க முடியாது, தொடத்தான் முடியும். கண்ணை மூடிக்கொண்டேன். கறுப்புப் பூச்சு கொழகொழவென்று இருந்தது. அப்போது ஸ்டீரிங் திரும்பியது. இரும்பு என் உள்ளங்கைத் தோலைக் கிள்ளியது.

சட்டம் வெடித்திருந்தது. ஸ்டீரிங் ஒரு பக்கம் திரும்பும்போது வெடிப்பு திறக்கிறது, மறு பக்கம் திரும்பும்போது மூடுகிறது. மூடும்போது நடுவில் என் தோல். கையை வெளியே எடுத்தால் சின்னதாக ஒரு ரத்தக் கோடு. தலைக்கு மேலே காய்களின் எடை, அதற்கு மேலே பெண்கள் ஏதோ சொல்லிச் சிரிக்கிற சத்தம். அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை. வெளியே வருவதற்குள் முழங்கையைத் தேய்த்துக்கொண்டேன், அதுகூடத் தெரியவில்லை.

எல்லோரையும் இறங்கச் சொன்னேன். டில்லிபாபு நம்பவில்லை. புதுச் சாமான் போட்டு வெண்ணெய் மாதிரி ஓடுகிற வண்டியைக் குறை சொல்கிறாயே, ஆட்டம் எங்கே இருக்கிறது காட்டு என்றார். பூச்சுக்குள் இருக்கிறதை எப்படிக் காட்டுவது? ரத்தத்தைக் காட்டினேன். எங்கேயாவது கிழித்துக்கொண்டிருப்பாய் என்றார். மெதுவாகப் போகலாம், இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்றார். பெண்கள் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் காய்களின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். மல்லிகா என்னைப் பார்த்தாள்.

"மேஸ்திரி, நீ ஏறுவியா?"

"ஏற மாட்டேன்."

அவ்வளவுதான். வெற்றிலையைத் துப்பிவிட்டு முதலில் அவள் குதித்தாள். பிறகு மற்றவர்களும் இறங்கினார்கள்.

டில்லிபாபு அப்போதும் விடவில்லை. நீங்கள் நடந்து வாருங்கள், காயை நான் தனியாக இறக்குகிறேன் என்று கிளம்பினார். வெடித்த சட்டத்தோடு, அவ்வளவு பாரத்தோடு, குவாரி வளைவில் அவர் தனியாக. நான் ஓடிப்போய் ஜன்னல் வழியே கையை விட்டுச் சாவியை உருவிக்கொண்டேன். வாழ்க்கையில் இன்னொருவர் வண்டிச் சாவியை நான் பிடுங்கியது அந்த ஒரு தரம்தான். அவர் இறங்கி என் சட்டையைப் பிடித்தார். எனக்கு என்னைத் தெரியும். இன்னும் இரண்டு அதட்டல் போட்டால் சாவியைக் கொடுத்துவிடுவேன். மல்லிகாவிடம் நீட்டினேன்.

"நீ வச்சிக்கோம்மா. அவரு கேட்டாலும் குடுக்காத, நான் கேட்டாலும் குடுக்காத."

அவள் சாவியை வெற்றிலைப் பைக்குள் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். பெண்கள் பின்னாலேயே போனார்கள். டில்லிபாபு வழி நெடுக என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். மழை வந்தால் காய் என்ன ஆவது, மாம்பழக் கூழ் பேக்டரி கேட்டில் தன் முறை போய்விடும், இந்த ஜென்மத்தில் உன் ஒர்க்‌ஷாப் பக்கம் வர மாட்டேன் என்றெல்லாம் சொன்னார். ஒருவேளை என் கைதான் பொய் சொல்லியிருந்தால் என்ற பயம் வேறு அப்போது சேர்ந்துகொண்டது. வளைவைத் தாண்டும்போது குவாரிப் பக்கம் பார்க்காமல் நடந்தேன்.

மறுநாள் காலையில் வெல்டிங்காரரை அழைத்துக்கொண்டு மேலே போனோம். ஒரு டிராக்டர் வந்து காய்களை இறக்கியது. வெல்டிங்காரர் கறுப்புப் பூச்சைச் சுரண்டினார். வெடிப்பு மேலிருந்து கீழே வந்து, அடித் தகட்டையும் சுற்றிக்கொண்டு மறு பக்கம் ஏறியிருந்தது. ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு மட்டும் இரும்பு பிடித்துக்கொண்டிருந்தது. ஸ்டீரிங் பாக்ஸின் போல்ட்டுகள் இறுக்கமாகத்தான் இருந்தன, அவை பிடித்திருந்த சட்டமே கழன்று வரத் தயாராக இருந்தது. புது ஸ்டெபிலைசர் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிறது, அதை மீறித் திருப்ப ஸ்டீரிங் பாக்ஸ் இன்னும் பலமாகத் தள்ள வேண்டும். தள்ளுகிற பலம் முழுவதும் அந்தக் கட்டைவிரல் இரும்பின் மேல்தான். ஆட்டத்தை மறைத்துக்கொண்டே அது வெடிப்பைத் திறந்துகொண்டும் இருந்தது.

டில்லிபாபு குனிந்து பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் கொடுத்தேன், வாங்கி வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை.

"முந்தாநேத்து ஸ்கூல் லீவுன்னு எம் பாப்பாவ முன்னால உக்கார வச்சிக்கினு எறங்கினேன் மேஸ்திரி," என்றார்.

அன்று சாயங்காலம் சுப்பராயுலுவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். பாராட்டுவார் என்று கொஞ்சம் ஆசை இருந்தது, பொய் சொல்வானேன். அவர் நூலைப் பற்றி மட்டும் விசாரித்தார். எந்தப் பக்கம் கட்டினாள் என்று கேட்டார். வலது பக்கம் என்றேன். இடது பக்கம் கட்டியிருந்தால்?

இடது பக்கம் கட்டியிருந்தால் எலுமிச்சம்பழம் சும்மா நடுங்கிக்கொண்டு இருந்திருக்கும். நான் வா வா என்று கை காட்டி வண்டியைத் திருப்பி அனுப்பியிருப்பேன். முன் சீட்டில் நானும் ஏறியிருப்பேன். அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் போனை மகனிடம் கொடுத்துவிட்டார். இன்றைக்கும் சாப்பாட்டின் நடுவில் அந்தக் கேள்வி வந்து நின்றால் என் சோறு இறங்காது.

பாஸ்கர், சுவரில் தொங்குகிற நூலும் நட்டும் அதற்குத்தான். திருஷ்டிக்கு இல்லை. வலது ஓரத்தில் ஒன்று, இடது ஓரத்தில் ஒன்று, இரண்டு பக்கமும் கட்ட வேண்டும். வண்டியைத் தரையில் நிறுத்தி ஸ்டீரிங்கை ஆட்டு. நட்டு துள்ளினால் அங்கே கையை விட்டுப் பார். சிவப்பு ஸ்டெபிலைசரைப் போடாதே என்று நான் சொல்லவில்லை. பழையதைக் கழற்றிவிட்டு, புதியதைப் பூட்டுவதற்கு முன்னால், ஒன்றுமே இல்லாமல் ஒரு தரம் ஓட்டிப் பார். ஆடட்டும். எங்கே ஆடுகிறது என்று கண்டுபிடித்த பிறகு பூட்டு.

இனி மாத்திரை விஷயம். கொஞ்ச காலமாக எனக்குக் கை ஆட ஆரம்பித்திருந்தது. காபி டம்ளரை இரண்டு கையால் பிடிக்க வேண்டியிருந்தது. மருமகள் திருப்பதியில் ஒரு லேடி டாக்டரிடம் அழைத்துப்போனாள். வயதில் சின்னவர், பொறுமையாகப் பார்த்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். சில நாளிலேயே ஆட்டம் நின்றுவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கை ஆடின காலத்தில் ஸ்கூட்டரைப் பயந்து பயந்து உருட்டிக்கொண்டு போனவன், இப்போது மற்றவர்கள் மாதிரி வேகமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை சிக்னலில் நிற்கும்போதுதான் அதைக் கவனித்தேன். மிச்ச தூரத்தை மெதுவாகவே ஓட்டினேன்.

அடுத்த தரம் டாக்டரிடம் போனபோது கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன். நேராக நின்றது. நல்லா இருக்கே என்றார். நான் கேட்க நினைத்தது தமிழில்தான், வாயில் வந்தது தெலுங்கு.

"எக்கடிகி போயிந்தி மேடம்?"

அவர் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. என் கையை மேஜை மேல் வைத்துக்கொண்டு சொன்னார்.

"எங்கயும் போகல பெரியவரே. உள்ளதான் இருக்கு. மாத்திரை அதப் புடிச்சி வச்சிக்கினு இருக்கு."

என்றைக்காவது மாத்திரை தாங்காமல் போகலாமா என்று கேட்டேன். போகலாம், அது எப்போது என்று சொல்ல முடியாது, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். இத்தனை வருடத்தில் அந்தக் கேள்விக்கு இவ்வளவு நேரான பதிலை நான் கேட்டதில்லை. சுப்பராயுலு உயிரோடு இருந்திருந்தால் அந்த அம்மாவுக்குக் கும்பிடு போட்டிருப்பார்.

அதுவரை என் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக்கொண்டிருந்தது நான்தான். ஸ்கூட்டரில் எனக்கு முன்னால் நின்றுகொண்டு, ஹேண்டில்பாரைத் தானும் பிடித்துக்கொண்டு, தானே ஓட்டுவதாக நினைத்துக்கொண்டு வருவாள். டாக்டரிடமிருந்து வீட்டுக்கு வந்ததும் மருமகளைக் கூப்பிட்டு ஸ்கூட்டர் சாவியைக் கையில் கொடுத்தேன். இப்போதுதான் கை நன்றாகிவிட்டதே மாமா, இப்போது போய் ஏன் என்று கேட்டாள்.

"நீ வச்சிக்கோம்மா. பாப்பா கேட்டாலும் குடுக்காத, நான் கேட்டாலும் குடுக்காத."